பாசார் கூடைக்குக் கிடைத்த கூலி

என் அண்ணன் மகள் சொந்தமாக ஒரு வலைப்பூ வைத்திருக்கிறாள். சமைப்பதையும் சாப்பிடுவதையும் படம் எடுத்துப் போட்டு நாலு வரி எழுதுகிறாள். அதிலிருந்து காசும் வருகிறது. போன மாதம் வீட்டுக்கு வந்தவள் ஒரு முகப்பூச்சு டப்பாவை மேசைமேல் வைத்தாள். "அத்த, இத நல்லா இருக்குன்னு போடணும். என்ன எழுதணும்னுகூட அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. நான் என் பேர போட்டா போதும்லா," என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். டப்பாவை எடுத்து ஜன்னல் வழியே வீசப் போனேன். அவள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். ஒரு கிரீமுக்குப் போய் ஏன் இந்தக் குதி என்று கேட்டாள். குதி கிரீமுக்காக இல்லை. ஏன் என்று அன்றைக்கு அவளிடம் பாதி கத்தியும் பாதி மூச்சு வாங்கியும் சொன்னேன். இங்கே கொஞ்சம் அடக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடிந்தால்.

எண்பதுகளில் நான் பினாங்குக்கு எதிர்க்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். ரேடியோவுக்குள் இருக்கும் சின்னச் சின்னச் சாமான்களைப் பலகையில் வைத்து ஈயம் பற்றவைக்கும் வேலை. வீடு பட்டர்வொர்த்தில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஃபெரி ஏறி அக்கரைக்கு, பினாங்குத் தீவுக்குப் போவேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு சுற்று, குவீன் ஸ்திரீட்டில் ஒரு சுற்று. எந்தக் கடை மிளகாய்த்தூளில் செங்கல் வாடை, எந்தக் கடையில் தராசு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது, எந்தக் கடைப் பையன் அரை கஜம் வாங்க வந்தவளையும் அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறான், இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்து மத்தியானத்துக்கு மேல் உட்கார்ந்து எழுதுவேன். ஒரு தமிழ்ப் பேப்பரின் ஞாயிறு பதிப்பில் அது 'பாசார் கூடை', அதாவது சந்தைக் கூடை, என்ற தலைப்பில் என் பெயர் போட்டு வந்தது. கடைப் பெயரைச் சொல்லமாட்டேன். நீலப் பலகைக் கடை, மூலைக்கடை, பூனை படுத்திருக்கும் கடை என்றுதான் எழுதுவேன். ஊர்க்காரர்களுக்கு அது போதும்.

படித்தார்கள். அதில் ஒன்றும் எனக்குப் பொய்யடக்கம் கிடையாது. என் லைனில் வேலை செய்த பெண்கள் திங்கட்கிழமை காலையில் பேப்பரைக் கத்தரித்துக்கொண்டு வந்து, "அக்கா, அந்தப் பூன கட மல்லி வாங்கலாமா கூடாதா, நேராச் சொல்லிருங்க," என்று நச்சரிப்பார்கள். மஞ்சள்தூள் வாங்கவும் என்னைத்தான் கேட்பார்கள், மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்கவும் என்னைத்தான் கேட்பார்கள்.

இத்தனைக்கும் எனக்குக் கிடைத்தது என்ன? ஒன்றும் இல்லை. ஒரு டீக்காசுகூட இல்லை. பேப்பர் வாங்கும் காசும் என்னுடையதுதான்.

அந்தப் பேப்பருக்குப் பினாங்கில் ஒரு நிருபர் இருந்தார். காசு மாற்றும் கடைக்கு மேலே, மாடியில், ஒரு மேசையும் ஒரு ஃபேனும் போட்ட அறை. நான் கையால் எழுதிய தாளை அவரிடம் கொடுப்பேன். அவர் மற்றச் செய்திகளோடு சேர்த்துக் கோலாலம்பூருக்கு ரயிலில் அனுப்புவார். ஒரு நாள் துணிந்து கேட்டேன். "அண்ணே, எழுதறதுக்கு ஏதாச்சும் குடுப்பாங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, கோயிலில் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. "என்னலா தங்கச்சி, இது தமிழுக்குச் செய்ற சேவ. இதுக்குப் போய் காசு கேக்கலாமா?"

தமிழுக்கு அவர் மட்டும் சும்மா செய்தாரா? அவருக்கும் பேப்பரில் சம்பளம் கிடையாது, உண்மைதான். ஆனால் விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் அதில் பங்கு உண்டு. கல்யாண வாழ்த்து, கருமாதி அறிவிப்பு, தீபாவளி வாழ்த்து, எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு. அதில்தான் அவர் குடும்பம் நடந்தது. அந்தக் காலத்தில் நம் பேப்பர்களுக்கு ஊருக்கு ஊர் எழுதியவர்கள் நிறையப் பேருக்கு இதுதான் பிழைப்பு. எழுத்து சேவை, விளம்பரம் சோறு.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். நான் எழுதுவதை அவர் தடுத்தவர் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வைக்க ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் போனார்கள், நான் போகவில்லை. சின்னவனுக்கு மூச்சிரைப்பு வேறு. மருந்துக் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "தீவாளிவரைக்கும் பாரு. ஓவர்டைம்ல வர்ற அளவு வேணாம், அதுல பாதி எழுத்துல வந்தாலும் எழுது. வரலன்னா ஞாயித்துக்கெழம வேலைக்குப் போ. நான் வேற என்ன சொல்றது?"

வேறு என்ன சொல்வார்? நியாயம்தான். ஆனால் எனக்கு இருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஆறு நாள் ஈயப்புகை, ஒரு நாள் நான். அந்த ஒரு நாளை விட்டுவிட்டால் என்னிடம் எனக்கென்று என்ன மிச்சம்?

நிருபரிடமே போனேன். தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தந்தால் பங்கு தருகிறேன் என்றார். மலர் முடிந்ததும் மொத்தமாகக் கையில் தருவதாகச் சொன்னார். ரசீதுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

தீபாவளிக்கு முன்னால் மார்க்கெட் ஸ்திரீட்டில் ரசீதுப் புத்தகத்தோடு சேலை கட்டிய ஒருத்தி கடை ஏறினால் அவள் யார்? கோயில் நன்கொடைக்கு வந்தவள். இது எல்லாக் கல்லாவுக்கும் தெரிந்த சங்கதி. முதல் கடையிலேயே, நான் வாயைத் திறப்பதற்குள், கல்லாவில் இருந்தவர் தட்டில் கிடந்த சில்லறையை அள்ளி என் கையில் கொட்டினார். "எந்த அம்மன் கோயிலு?" என்று கேட்டார். நான் பாசார் கூடை எழுதுகிறவள் என்றேன். "அட, நீங்கதானா! வீட்டுல விடாம படிப்பாங்களே!" என்று கும்பிட்டார். விளம்பரம் என்றதும் முதலாளி ஊரில் இல்லை என்றார். அந்த முதலாளி உள்ளே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். சில்லறையைத் திரும்ப அந்தத் தட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். காது மடல் எரிந்தது.

கடை கடையாக ஏறி இறங்கினேன். நாளைக்கு வாங்க, அடுத்த வாரம் வாங்க, முதலாளி பூசையில இருக்காரு, முதலாளி தூங்குறாரு. மசாலைக்கடை அண்ணன் ஒருவர் மட்டும் மறுபேச்சுப் பேசாமல் கால் பக்கம் கொடுத்தார். நான் அவர் கடை மிளகுத்தூளைக் குறை சொல்லி எழுதியிருந்தேன். "நீ எழுதுனப்புறம்தான் நான் சலிச்சிப் பாத்தேன்," என்றார். அப்படியும் மனிதர்கள் இருந்தார்கள் என்று சொல்லாமல் விட்டால் பாவம்.

கடைசியாக ஒரு ஜவுளிக்கடை. பெரிய கடை. முதலாளி எழுந்து நின்று வரவேற்றார், ஐஸ் தண்ணீர் வரவழைத்தார். முழுப்பக்கம் தருகிறேன் என்றார். மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த ஒரு பக்கத்தின் பங்கு வந்தாலே வீட்டுக்காரர் கேட்டதற்கு மேல்.

"ஒரு சின்ன விசயம் தங்கச்சி," என்றார். "உங்க பாசார் கூடையில எங்க கடைய பத்தி நாலு வார்த்த. தீவாளிக்கு நீங்க இங்கதான் சேல எடுத்தீங்க, சாயம் போகாதுன்னு. கடப் பேர போட்டே எழுதிருங்க. பொம்பளைங்க நீங்க சொன்னா கண்டிப்பா கேப்பாங்க."

அந்தக் கடைத் துணியின் சாயம் எனக்குத் தெரியும். போன வருசம் அங்கே எடுத்த ரவிக்கைத் துணியை ஊறவைத்ததில், கூட ஊறிய வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை இரண்டும் ரோஸ் கலராகிப்போயின. லோரி ஓட்டுகிற மனுசன் ரோஸ் சட்டையில் துறைமுகத்துக்குப் போக, அங்கே எல்லாரும் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அதைச் சொன்னேன். அது பழைய சரக்கு என்றார். அப்படியானால் புதுச் சரக்கில் ஒரு முழம் கொடுங்கள், நனைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "நம்பிக்கதானேம்மா வியாபாரம்," என்றார். நானும் அதைத்தான் சொல்கிறேன், என் வியாபாரமும் அதுதான் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் என் தலையில் நானே அடித்துக்கொள்ளாத குறை. ஒரு நாலு வார்த்தை. எழுதிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு. ஆனால் தீபாவளி போனஸை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறப்போகிறவர்கள் என் லைன் பெண்கள். அவர்களுக்கு வருசத்துக்கு எடுக்கும் நல்ல சேலை அந்த ஒன்றுதான். என்னால் முடியாது. நிருபரிடம் நடந்ததைச் சொல்லி, அந்த வாரத்துக்கு முறுக்கு மாவு அரைக்கும் மில்லைப் பற்றி எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். "சரி சரி, நான் முதலாளிகிட்ட பேசிக்கிறேன்," என்றார்.

அவர் பேசிக்கொண்ட லட்சணம் அடுத்த ஞாயிறு தெரிந்தது. ஃபெரித் துறைக்கு வெளியே பேப்பர் வாங்கிப் பிரித்தேன். முறுக்கு மாவு முடிந்த இடத்தில், என் எழுத்தோடு எழுத்தாக, ஒரு பத்தி. தீபாவளிக்கு நான் அந்தக் கடையில்தான் சேலை எடுத்தேனாம். துவைத்துப் பார்த்தேனாம். சாயம் ஒரு சொட்டுப் போகவில்லையாம். 'நம்பி வாங்கலாம் சகோதரிகளே' என்று வேறு. நான் ஜென்மத்தில் யாரையும் சகோதரிகளே என்று எழுதியதில்லை. மேலே கொட்டை எழுத்தில் என் பெயர். பக்கத்தைப் புரட்டினால் கடையின் முழுப்பக்க வாழ்த்து.

மாடிப்படியைத் தடதடவென்று ஏறிப் போய்க் கேட்டேன். "யாரக் கேட்டு எழுதுனீங்க?"

"நாலு வரிதானே தங்கச்சி. உனக்காகத்தான் செஞ்சேன். நீ உன் பங்கு வேணும்னு சொன்னியா இல்லையா?"

"பங்கு கேட்டேன். என் பேர எடுத்துக் குடுங்கன்னு கேட்டேனா?"

"எழுத வந்துட்டா கொஞ்சம் அனுசரிச்சிப் போகணும்லா," என்று சொல்லிவிட்டு ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுப்புப் போடச் சொன்னேன். மலர் வேலை, இடமில்லை என்றார்.

திங்கட்கிழமை லைனில் என்னால் முடிந்தவரை சொன்னேன், அது நான் எழுதியது இல்லை என்று. ஆனால் அந்த ஞாயிறு ஓவர்டைம் இல்லை; பாதிப்பேர் அன்றே, பேப்பர் படித்த கையோடு, போனஸை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறியிருந்தார்கள். தீபாவளி முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று எனக்குப் பக்கத்து நாற்காலிப் பெண் என்னிடம் பேசவில்லை. மத்தியானம் ஒரு பிளாஸ்டிக் பையை என் மடியில் வைத்தாள். உள்ளே மாம்பழக் கலர் சேலை. மாமியார் எண்ணெய்க் கறை என்று நனைத்திருக்கிறார், சிவப்புக் கரை முழுக்கச் சேலையில் இறங்கிவிட்டது. கூட ஊறிய பிள்ளைகளின் பாவாடை இரண்டும் போச்சு.

"அது நான் எழுதல. நிருபர் எழுதிச் சேத்துட்டாரு," என்றேன்.

"உங்க பேருதானே அக்கா போட்டிருந்துச்சி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

அதற்கு அடுத்த வாரம் நிருபர் ஆள் அனுப்பினார். பினாங்கில் ஒரு சங்க மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழாவாம். ஜவுளிக்கடை முதலாளி தலைமையாம். போகமாட்டேன் என்றேன். வீட்டுக்காரர்தான், "பங்க அங்கதான் கவர்ல போட்டுக் குடுப்பாங்க போல. வாங்கிட்டு வந்துருவோம், பிறகு அவன் மூஞ்சில முழிக்க வேணாம்," என்றார். நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். நான் சந்தனக் கலர் சேலையும் வெள்ளை ரவிக்கையும். கவர் வரும் என்று நானும்தான் நம்பினேன்.

மண்டபத்தில் ஃபேன் இருந்தும் காற்று இல்லை. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, அதன்பிறகு வரவேற்புரைக்கு ஒரு வாழ்த்துரை. நம் கூட்டங்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? முதலாளி எழுந்து, பளபளவென்று ஜரிகை போட்ட சிவப்புப் பொன்னாடையை உதறி என் தோளில் போர்த்தினார். கைதட்டல். அவர் கடைச் சரக்குத்தான், விலைச்சீட்டுகூட இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு நிருபர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தங்கச்சி காசுக்கு எழுதுறவங்க இல்ல. தீவாளி மலர்ல அவங்களுக்கு வரவேண்டிய பங்க அவங்க மனசார இந்த விழாச் செலவுக்கே குடுத்துட்டாங்க! மண்டப வாடக, சாப்பாடு, இந்தப் பொன்னாட, எல்லாம் அவங்க உபயம்! இதுதான் தமிழ் உள்ளம்!"

கைதட்டல் இன்னும் பலமாக.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை கேள்விப்பட்டிருக்கிறேன். பிள்ளையாரிடமிருந்தே தேங்காயைத் திருடி, அதை அவர் தலையிலேயே உடைத்து, கும்பிடும் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் காசில் எனக்கு மாலை. கீழே முன்வரிசையில் வீட்டுக்காரர் கை தட்டவில்லை. தொடைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வியர்வை ஊற்றியது. கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். கைக்குட்டை சிவப்பாக வந்தது. அடிபட்டுவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தேன். தோளைப் பார்த்தால் வெள்ளை ரவிக்கையில் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

ஏற்புரைக்கு அழைத்தார்கள். நான் மைக்கிடம் போகவில்லை. மேசையில் முதலாளிக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்தேன். பொன்னாடையைக் கழற்றி, அதன் முனையைக் குவளைக்குள் விட்டு நன்றாக முக்கிப் பிழிந்தேன். தண்ணீர் ரோஸ் சிரப்பைப்போல் ஆனது. குவளையைத் திரும்ப அவர் முன்னால் வைத்தேன்.

"சாயம் போகாதுன்னீங்களே முதலாளி. குடிங்க," என்றேன்.

மைக் நிருபர் கையில் பக்கத்திலேயே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. பின்வரிசையில் ஒரு பெண் கொல்லென்று சிரித்தாள். முதலாளி குடிக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நிருபர் அவசரமாக நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார். நான் ஈரப் பொன்னாடையைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். என் காசில் வாங்கியது, அதை ஏன் விட்டுவிட்டு வரவேண்டும்?

ஃபெரியில் பினாங்குக்குப் போகும்போதுதான் காசு, திரும்பி வரக் காசு வேண்டாம். சும்மா கிடைத்தது அன்றைக்கு அது ஒன்றுதான். வீட்டுக்காரர் பாதிக் கடல் வந்தபிறகு என் ரவிக்கையைப் பார்த்து, "என் சட்ட மாதிரியே ஆயிருச்சி," என்றார். பிறகு, "நீ செஞ்சது சரிதான். ஆனா…" என்று நிறுத்திக்கொண்டார். அந்த ஆனாவுக்கு மிச்சம் எனக்குத் தெரியும்.

பாசார் கூடை அதோடு நின்றது. பேப்பரில் ஒரு வரி விளக்கமும் இல்லை. அந்த இடத்தில் ராசிபலன் போட்டார்கள். அடுத்த ஞாயிறு நான் ஓவர்டைமுக்குப் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். தொழிற்சாலை மூடும்வரை, தொண்ணூறுகள் முடியும்வரை, என் ஞாயிற்றுக்கிழமைகள் ஈயப்புகையில் போயின. அவற்றுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கையில் வந்தது. ஒருவரும் அதைச் சேவை என்று சொல்லவில்லை.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம். அதே பக்கத்து நாற்காலிப் பெண், ஒரு வருசமாக என்னிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசியவள், பையிலிருந்து விரல் நீளத் துணித்துண்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். சேலை எடுக்குமுன் கடையில் கெஞ்சி ஓரத்தில் வெட்டி வாங்கி வந்திருக்கிறாள்.

"அக்கா, இது சாயம் போகுமா, பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

என் தேநீர்க் குவளையைக் கழுவித் தண்ணீர் பிடித்து அதில் முக்கினேன். மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எடுக்கலாம் என்றேன். மறுநாள் இன்னொருத்தி துண்டு கொண்டுவந்தாள், அதற்கு மறுநாள் மூன்று பேர். வருசா வருசம் அது நடந்தது. அவர்கள் என் வார்த்தையை நம்பித்தான் சேலை எடுத்தார்கள். பேப்பர் வேண்டியிருக்கவில்லை.

அதற்கும் யாரும் எனக்கு ஒரு வெள்ளிக் காசு தந்ததில்லை. அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது. அண்ணன் மகளிடம் அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். எழுது, காசு வாங்கு, கூசாமல் வாங்கு, ஆனால் காசு தருகிறவன் எழுதியதில் உன் பெயரைப் போடாதே என்றேன். அவள் டப்பாவைத் திறந்து, கொஞ்சம் கிரீமை எடுத்துத் தன் புறங்கையில் தடவி, கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.